வெறுந்தட்டு

ஜூலை. ரியோ டின்டோ கரையில்
சுரங்கக்காரர்களின் பிள்ளைகளுக்குக் கட்டிய பள்ளிக்கூடம்
இந்தக் கோடைக்கு எங்களுடையது.
முழங்கால் இடிக்கும் குட்டி மேசைகளில்
பதினாறு நாட்டிலிருந்து இருபத்து மூன்று பேர்.
பூமிக்கு வெளியே உயிர் தேடக் கற்றுக்கொள்கிறோம்.
பூமிக்குள் எல்லோருக்கும் இரண்டு வருட வேலை,
சிலருக்கு ஒன்றரை.
இல்ஸேவுக்கு அக்டோபரோடு முடிகிறது.
க்வாபெனா கானாவில் விசாவுக்குக் காத்திருந்து
நான்காம் நாள் மதியம்தான் வந்தான்.
பெட்டி இன்னும் வரவில்லை.

முதல் நாள் கரும்பலகையில் எழுதினோம்:
உயிர் என்பது —
அதற்கப்புறம் யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை.
தன்னையே படியெடுப்பது, என்றான் ஒருவன்.
அப்படியானால் கோவேறு கழுதை?
பின்னால் போய் நின்று பார், என்றாள் யேசுய்.
தின்று வளர்வது.
நெருப்பும் தின்று வளர்கிறதே.
ஏழு விடை எழுதி ஏழையும் அடித்து
மூலையில் ஸ்பானிய மொழியில் எழுதிவைத்தோம்:
அழிக்காதீர்கள்.

ஆறு, புளித்த திராட்சை ரசத்தின் நிறம்.
எலுமிச்சை அளவுக்கு அமிலம்.
இதில் குளித்தால் புண் ஆறும் என்று ஊரில் ஒரு கட்சி,
தோல் உரியும் என்று இன்னொரு கட்சி.
பேருந்து ஓட்டும் ஃபெர்மின் இரண்டிலும் இல்லை.
சின்ன வயதில் ஓர் ஆணியைப் போட்டுவிட்டு
மறு வாரம் வந்து தேடினானாம்.
"செவ்வாயைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?
எங்கள் தெருவுக்குக் குப்பைவண்டியோடு
வாராவாரம் வருகிறதே."
அவன் மொழியிலும் கிழமையும் கோளும்
கிட்டத்தட்ட ஒரே பெயர்.

மூன்றாம் நாள் பன்னிரண்டு தட்டுகளில் கஞ்சி ஊற்றினோம்.
பதினொன்றில் ஆற்றுநீர்.
பன்னிரண்டாவது வெறுந்தட்டு:
கொதித்து ஆறிய சுத்த நீர், வேறொன்றுமில்லை.
அதில் எதுவும் முளைக்கக் கூடாது.
முளைக்காமல் இருப்பதுதான் அதன் உத்தியோகம்.

ஆறாம் நாள் காலை
பதினொரு தட்டும் மௌனம்.
ஆறு தன் உயிரை
எங்கள் கஞ்சிக்குக் காட்ட மறுத்துவிட்டது.
வெறுந்தட்டில் மட்டும்
கடுகளவு, பாலாடை நிறத்தில்,
ஒரு புள்ளி.

என் மொழியில் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் மிஞ்சும்.
இங்கே புள்ளி விழுந்ததும்
உயிர் என்று கத்துகிறார்கள்.
மெய்யா என்று நான் குனிந்து பார்த்தேன்.

நுண்ணோக்கியில் கொத்துக் கொத்தாய் உருண்டைகள்.
மனிதத் தோலில் குடியிருப்பது. சந்தேகமே இல்லை.
யாருடையது என்பதுதான் கேள்வி.
ஊற்றும்போது நான் சிரித்தேன், என்றாள் இல்ஸே.
கையுறையோடு மூக்கைத் தொட்டேன், என்றான் பிரேசில்காரன்.
நான் முடியை ஒதுக்கினேன்.
"நான் அன்று ஸ்பெயினிலேயே இல்லை!"
ஃபெர்மினின் சட்டைக்குள்ளிருந்து
க்வாபெனா இரு கையையும் தூக்கினான்.
தூதரகம் அவனுக்குச் செய்த ஒரே நன்மை.

வெறுந்தட்டு பொய்த்தால் மற்ற பதினொன்றும் செல்லாது.
சனிக்கிழமை அத்தனை பேர் முன்னால்
இதைத்தான் சொல்ல வேண்டும்:
தேடினோம்,
தேடியவர்களில் ஒருவர் அகப்பட்டார்.

கடைசி நாள் வகுப்புக்குள் போனால்
பெருக்கித் துடைக்கும் அம்பாரோ
பலகை முழுவதையும் ஈரத்துணியால் துடைத்திருந்தாள்.
ஏழு விடையும், அடித்த கோடும்,
யாரோ வரைந்த கழுதையும் போய்விட்டன.
மூலையிலிருந்த கட்டளைக்குப் பணிந்து
அதையும், மேலே முதல் வரியையும் மட்டும் விட்டிருந்தாள்:
உயிர் என்பது —
அழிக்காதீர்கள்.

தட்டுகளைக் கொதிகலனில் போட வேண்டும், அது விதி.
நூற்று இருபத்தோரு பாகை, பதினைந்து நிமிடம்.
இல்ஸே பன்னிரண்டாவதைக் கடைசியாக வைத்தாள்.
வைத்து, எடுத்து,
வெளிச்சத்தில் ஒரு படம் பிடித்து,
திரும்ப வைத்தாள்.
பொத்தானை அழுத்த எவரும் முன்வரவில்லை.
வெளியே ஃபெர்மின்
ஹாரனில் இருந்து கையை எடுப்பதாயில்லை.